சிப்பாயின் காகிதங்கள்

வேலூர் ஜில்லாவில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டிலிருந்து யாராவது பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்களா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இராது. பரண்மேலோ கட்டிலுக்கு அடியிலோ கறுப்பு வர்ணம் பூசிய டிரங்குப் பெட்டி ஒன்று கிடக்கும்; அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் ஓர் எண்ணும், பதவியும், பெயரும் எழுதியிருக்கும்; பெட்டிக்குள் விதைநெல்லோ, பழைய புடவையோ, பேரன் பேத்திகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோ எது இருந்தாலும், மூடியில் உள்ள அந்த எண்ணை மட்டும் யாரும் சுரண்டி அழித்திருக்க மாட்டார்கள்.

சென்ற வருஷம் அப்படிப்பட்ட ஒரு பெட்டியின் எதிரே உட்கார்ந்து, எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. சீன யுத்தத்துக்கு மறுவருஷம், 1963-இல், ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தவர் அவர். எட்டு வருஷம் லாரி ஓட்டினார். அவற்றில் மூன்று குளிர்காலங்கள் பனிமலையில் கழிந்தன. 1971-இல், பங்களாதேஷ் யுத்தத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஆஸ்துமா என்று மெடிக்கல் போர்டு தீர்மானித்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வியாதி உடல்வாகினால் வந்ததே தவிர உத்தியோகத்தினால் வந்ததல்ல என்று எழுதியபடியால் பென்ஷனும் இல்லை. அப்படி எழுதிய காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்பதை வாசித்துச் சொல்ல ஊரில் அன்று ஆள் இல்லை. டிஸ்சார்ஜ் புக்கைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து விழுந்த ஓட்டை வழியே ஏறிய கரையானுக்கு எந்தப் பூட்டும் ஒரு பொருட்டாக இல்லை.

“பேத்தி பேரே சமயத்துல மறந்துபோவுது தம்பி. நம்பரைக் கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்” என்றவர், கட்டிலில் உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்திக்கொண்டு, இங்கிலீஷில் ஒவ்வோர் இலக்கமாக அந்த எண்ணைச் சொன்னார். எழுதி அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து ரெக்கார்டு ஆபீசிலிருந்து பதில் வந்தது. பென்ஷன் பெறாதவர் என்பதாலும், அத்தகையோருக்கு விதித்த 25 வருஷக் காலம் கடந்துவிட்டதாலும், மேற்படியாரின் சர்வீஸ் தஸ்தாவேஜுகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று அதில் கண்டிருந்தது. கூடவே, லாங் ரோல் என்னும் நெடும்பதிவேட்டிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள்: எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம். எட்டு வருஷ வாழ்க்கைக்கு ஒரு வரி.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்பதே இதில் உள்ள சங்கடம். ராணுவ ஒழுங்குவிதிகள் அப்படித்தான் சொல்லுகின்றன. ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவனுடைய ஷீட் ரோல் என்னும் சேவைக் குறிப்பேடு, வைத்தியப் பரிசோதனைக் காகிதங்கள், பயிற்சி, மாற்றம், தண்டனை, மெடல், விவாகம், குழந்தை பிறந்தது எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்துகொண்டே போகும். அவன் விலகியதும் அந்தக் கட்டு அவனுடைய ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீஸ் அலமாரிக்குப் போய்விடும். பென்ஷன் வாங்காமல் போனவனுடைய கட்டை இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம். லாங் ரோலில் உள்ள வரி மட்டும் நிற்கும். சிப்பாய்க்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருஷ சேவை வேண்டும். ஆகவே அதற்கு முன்னால் வியாதியினாலோ, ஆள்குறைப்பினாலோ, குடும்பக் கஷ்டத்தினாலோ வீடு திரும்பியவர்கள்தாம் இந்த விதியின் கையில் அகப்படுகிறவர்கள். எவனுக்கு சர்க்காரிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லையோ, எவன் பின்னொரு நாள் வந்து நியாயம் கேட்கக்கூடுமோ, அவனுடைய காகிதத்தைத்தான் முதலில் அழிக்கிறோம். பென்ஷன் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்தக் கட்டினால் அவ்வளவு அவசரமான காரியம் ஒன்றும் இல்லை.

காகிதம் இருந்திருந்தால் மட்டும் என்ன வந்திருக்கும் என்று கேட்கலாம். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிறது. பட்டாளத்தில் சேரும்போது எடுத்த வைத்தியப் பரிசோதனையில் ஒரு வியாதியைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லாமல், பிற்பாடு அந்த வியாதியின் காரணமாகவே ஒருவனை விலக்கினால், அது சேவையின் போது உண்டானது என்றே கொள்ள வேண்டும், அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காரைச் சேர்ந்தது, சிப்பாயைச் சேர்ந்ததல்ல. வலிப்பு நோய்க்காக வெளியேற்றப்பட்ட ஒருவருடைய வழக்கில் பிறந்த இந்தத் தீர்ப்பு, அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு ஊனமுற்றோர் பென்ஷனை வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால், சேரும்போது ஒரு குறையும் இல்லை என்பதைக் காட்டும் காகிதம் எந்தக் கட்டில் இருந்தது? 1996-ஆம் வருஷத்தோடு எங்கள் பெரியவர் விஷயத்தில் காலம் முடிந்துபோன அதே கட்டில். நியாயஸ்தலம் உரிமையைக் கொடுப்பதற்குப் பதினேழு வருஷம் முன்னாலேயே, அந்த உரிமையை நாட்டுவதற்கு வேண்டிய சாட்சியத்தை அழிப்பதற்கு விதி இடம் கொடுத்துவிட்டது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு நஷ்டம் நேர்ந்தது; ஆனால் அது விதியினால் நேரவில்லை, தீயினால் நேர்ந்தது. 1973 ஜூலை 12-ஆம் தேதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தை அடுத்த ஓவர்லேண்டில் இருந்த ராணுவ ஆவண நிலையத்தின் ஆறாவது மாடியில் நெருப்புப் பிடித்தது. தீ கண்டவுடன் தானே நீர் சொரியும் குழாய்கள் அந்தத் தளத்தில் இல்லை. நாலு நாளைக்கு மேல் நெருப்போடு போராடினார்கள். ஒரு கோடியே 60 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் வரை சிப்பாய்களின் கோப்புகள் சாம்பலாயின. 1912 நவம்பருக்கும் 1960-இன் தொடக்கத்துக்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியவர்களில் நூற்றுக்கு எண்பது பேருடைய கோப்புகள் போய்விட்டன. விமானப்படையிலோ, பெயரின் முதல் எழுத்தே தலையெழுத்தாக அமைந்தது: குறிப்பிட்ட காலத்தில் விலகியவர்களில், ஆங்கில அகரவரிசையில் ‘எச்’ எழுத்தின் நடுவிலிருந்து ‘இசட்’ வரையில் உள்ளவர்களுடைய கோப்புகளில் முக்கால் பங்கு எரிந்தது, அதற்கு முன் எழுத்துக்காரர்கள் தப்பினார்கள். மறுபிரதி என்பதே கிடையாது. எந்தெந்தக் கோப்புகள் எரிந்தன என்று சொல்லக்கூடிய அட்டவணையும் கிடையாது.

முழுதும் எரியாமல் தண்ணீரில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிய கோப்புகளை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது கேட்கத்தக்க கதை. விண்வெளிக்கலங்களைப் பரிசோதிப்பதற்காக ஒரு விமானக் கம்பெனி கட்டியிருந்த காற்றில்லா அறைக்குள் பால் டப்பாக்களை அடுக்குவது போலக் கோப்புப் பெட்டிகளை அடுக்கி, ஈரத்தை உறிஞ்சி எடுத்தார்கள். ஆகாயத்துக்கு மனிதனை அனுப்ப உதவிய சாதனம், ஒரு தேசத்துச் சிப்பாய்களின் கருகிய காகிதங்களை உலர்த்த உதவியது. சுமார் 65 லட்சம் கோப்புகள் அப்படி மீட்கப்பட்டன. மீளாமல் போனவர்களுக்காகச் சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிக் குறிப்பு, தினசரி அணிக்குறிப்பு என்று வேறு இடங்களில் சிதறிக் கிடந்த துண்டுகளைத் தேடி, கோப்பைத் திரும்பக் கட்டும் வேலை இன்றும் நடக்கிறது. இதைவிட முக்கியமாக இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, யுத்தத்திலிருந்து திரும்பிய பலர் தங்கள் டிஸ்சார்ஜ் பத்திரத்தை உள்ளூர் கோர்ட்டுக் கச்சேரியில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். செயின்ட் லூயிஸ் எரிந்தபோது அந்தக் கச்சேரிப் புத்தகம் பிழைத்திருந்தது. மற்றொன்று, 1991-இல் முன்னாள் படைவீரர்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், கோப்பு அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்துபோனால், தன் முடிவுக்கான காரணத்தை விளக்கவும், சந்தேகத்தின் பலனைச் சிப்பாய்க்குக் கொடுப்பதைப் பற்றி ஆழ்ந்து ஆலோசிக்கவும் சர்க்காருக்குக் கூடுதல் கடமை உண்டு என்று சொல்லிவிட்டது.

அங்கே தீ விபத்தை ஒரு தேசிய நஷ்டமாகக் கருதினார்கள். இங்கே அதே காரியத்தை வருஷந்தோறும் ஒழுங்காகச் செய்கிறோம். இன்னும் ஒரு படி மேலே போய், முதியவர் ஒருவர் வழக்குத் தொடுத்தால், தஸ்தாவேஜு அழிந்துவிட்டது, ஆகையால் இவ்வளவு தாமதமாக வந்தவரின் கோரிக்கையைப் பரிசீலிக்க வழியில்லை என்று சர்க்கார் தரப்பில் எதிர்வாதம் எழுப்புவதும் வழக்கமாகிவிட்டது. அழித்தவரே, அழிந்துபோனதைத் தமக்கு அநுகூலமான வாதமாக எடுத்துக்கொள்வது எந்த சாஸ்திரத்தின்படி நியாயமாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிய விஷயமானால் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள்; கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் சுய விருப்பத்தினால் சேர்ந்த படைகளில் உலகத்திலேயே பெரியது அது. யுத்தம் முடிந்ததும் அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பென்ஷன் இல்லாமலே கலைத்து அனுப்பினார்கள். 1946-இல் வீடு திரும்பிய ஒருவருக்கு மேற்படி இருபத்தைந்து வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 1971-இல் முடிகிறது. அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட நிரம்பியிராது. பிற்பாடு மாநில சர்க்கார்கள் அந்த யுத்தத்தின் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க முன்வந்தபோது, சேவைக்கு அத்தாட்சி எங்கே என்ற கேள்வி எழுந்தது. அத்தாட்சியோ டிரங்குப் பெட்டியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கும் முந்திய மகாயுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் கிராமங்கள் சிலவற்றில் சாவடிச் சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை பதித்திருப்பதைக் காணலாம்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இராது. கணக்கெடுத்தவனுக்குத் தலைகள் போதுமானவையாக இருந்தன.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலேயாத் தமிழர்களின் கதி இன்னும் விசித்திரமானது. ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் படைக்குப் போய், பர்மாக் காட்டிலோ சிறையிலோ அவதிப்பட்டுத் திரும்பியவர்களுக்கு, 1972-இல் தொடங்கிய தியாகிகள் பென்ஷன் திட்டத்தில் இடம் உண்டு. சிறைப் பதிவேடு இல்லாதவர், உடன் சிறையிருந்தவரிடம் சான்று வாங்கி வர வேண்டும். அது மட்டும் போதாது, பதிவேடு இல்லை என்பதற்கே அதிகாரியிடமிருந்து ஒரு சான்று வாங்கி வர வேண்டும். இல்லாத ஒன்று இல்லை என்று எழுதிக் கொடுக்க எந்த குமாஸ்தாவுக்குத்தான் தைரியம் வரும்? அதற்காக வருஷக் கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. குற்றவியல் வழக்கில் கேட்பது போன்ற கடுமையான நிரூபணத்தைத் தியாகிகளிடம் கேட்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2001-இல், குர்தயால் சிங் வழக்கில், சொல்ல வேண்டியிருந்தது.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வீட்டிலும் காகிதக் கஷ்டம் இல்லாமல் இல்லை. அது வேறு தினுசானது. சிப்பாய்க்குக் கல்யாணமானால், குழந்தை பிறந்தால், அதை பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவாக வெளியிட்டுக் கோப்பில் ஏற்ற வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையன், லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, பத்தாம் நாள் ரயில் ஏறுகிறவன், பெண்டாட்டியின் பெயரை என்னவென்று எழுதிக் கொடுத்தானோ, வட நாட்டு குமாஸ்தா அதை எப்படிக் காதில் வாங்கினாரோ, அதுவே அவளுக்கு ஆயுசு பரியந்தம் சர்க்கார் பெயர். நம் ‘ழ’கரம் பட்டாளத்தில் படாத பாடு பட்டிருக்கிறது, பழனியம்மாளைப் பலானியம்மாள் ஆக்கிய பதிவை நானே பார்த்திருக்கிறேன். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கமும் அவர்களுக்குப் புரியாது. கணவர் உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் வேடிக்கை; அவர் கண்ணை மூடியதும், ஸ்பர்ஷ் என்னும் புதிய கணினி முறையில் பென்ஷனை மாற்றப் போகும்போது, ஆதாரில் ஒரு பெயரும் பென்ஷன் உத்தரவில் வேறொரு பெயரும் இருப்பதால் கிழவி தன் கணவனுக்குத் தானே மனைவி என்று பிரமாணம் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் பட்டாளத்தில் இருந்தவர்கள், இன்று உயிரோடும் ஞாபகத்தோடும் இருக்கும்போதே, தம் சேவைப் பதிவுகளின் பிரதியைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். எங்கே கேட்பது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். டில்லிக்கு எழுதிப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனியே ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவருக்கு அது நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது; மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு; பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு; சிக்னல்ஸுக்கு ஜபல்பூர்; வாகனமும் யந்திரமும் பழுது பார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத். விமானப்படைக்காரர் மட்டும் டில்லி சுப்ரதோ பார்க்குக்கும், கடற்படை மாலுமி மும்பை மான்கூர்டுக்கும் எழுத வேண்டும். எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பென்ஷன் உத்தரவு இருந்தால் அதன் எண், இவ்வளவும் வேண்டும். விதவையோ பிள்ளையோ எழுதினால் இறப்புச் சான்றும் உறவுக்கு அத்தாட்சியும் சேர்க்க வேண்டும். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உளவு ஸ்தாபனங்களுக்கு உள்ள விலக்கு தரைப்படைக்குக் கிடையாது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு எழுதினால் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். பிரதிக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஜில்லாவில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. கேட்கும்போது “என் ரெக்கார்டு வேண்டும்” என்று பொதுப்படக் கேட்காமல், சேர்ந்தபோது எடுத்த வைத்தியப் பரிசோதனை, விலகும்போது நடந்த மெடிக்கல் போர்டின் நடவடிக்கை, ஷீட் ரோல், பார்ட் டூ ஆர்டர்கள் என்று பெயர் சொல்லிக் கேட்பது உத்தமம். பொதுப்படக் கேட்டால் பொதுப்படத்தான் பதில் வரும்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியது வேறு. விலகும் நாளில் மெடலையும் ரயில்வே வாரண்டையும் கொடுப்பது போல, கட்டு முழுவதையும் பிரதி எடுத்து அவன் கையில் கொடுத்துவிட என்ன தடை? இடம் போதவில்லை, அலமாரி தாங்கவில்லை என்ற பழைய சமாதானம், ஒரு ரெஜிமெண்டின் காகிதம் முழுவதும் உள்ளங்கையளவு டப்பாவில் அடங்கும் இந்தக் காலத்தில் செல்லாது. பிறருடைய வைத்தியக் குறிப்பை அக்கம் பக்கத்தார் கேட்டு வாங்கிவிடக்கூடும் என்பது நியாயமான அச்சந்தான்; ஆனால் நாம் கேட்பது அவனுடைய காகிதத்தை அவனுக்கு. ஸ்கேன் செய்யாமல் ஒரு கட்டையும் அழிக்கக் கூடாது என்று ஒழுங்குவிதியில் ஒரு வாக்கியம் சேர்த்துவிடலாம். ஏற்கெனவே விதிப்படி அழித்தாகிவிட்டவர்கள் விஷயத்தில், லாங் ரோலில் உள்ள அந்த ஒரு வரியையே போதுமான சாட்சியமாக ஏற்று, மற்றவற்றில் சந்தேகத்தின் பலனைச் சிப்பாய்க்குக் கொடுக்க வேண்டும்.

பெரியவரின் மனு இப்போது சென்னையில் உள்ள ராணுவத் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. லாங் ரோலின் அந்த வரியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியில் வைக்காமல், சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். இதை வாசிப்பவர்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், மூடியில் உள்ள எண்ணை இன்றைக்கே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, இந்த வாரமே ரெக்கார்டு ஆபீசுக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.